தண்ணீர் காட்டிய சுவர்

பீரோவின் கதவு கட்டிலில் இடித்து நின்றது. முக்கால்வாசி திறந்தது, அதற்கு மேல் வர மறுத்தது. ஹுமைரா இடுக்கில் கையை விட்டுத் துண்டை உருவிக்கொண்டு, கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். டங்கென்று கட்டிலின் விளிம்பில் பட்டது. போன வாரம்வரை தாராளமாகத் திறந்த கதவு. கட்டிலை யாரும் நகர்த்தவில்லை. நகர்த்துவதும் லேசுப்பட்ட காரியமில்லை. அவளுடைய அத்தா கல்யாணத்துக்குச் செய்து கொடுத்த தேக்குக் கட்டில் அது, நான்கு ஆம்பிளைகள் மூச்சைப் பிடித்தால்தான் அசையும்.

"மாமி, கட்டில யாராச்சும் இழுத்தீங்களா?"

மாமியார் மெஹராஜ் பேகம் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே சிரித்தாள். "ஆமா, எனக்கு வேற வேலையில்ல. இந்த மூட்டுவலியோட தேக்குக் கட்டில இழுத்து வெளையாடுறேன். ஒம்பதாம் மாசம்னா அப்படித்தான்மா. வச்ச பொருள் கண்ணு முன்னாடி இருக்கும், ஆனா தெரியாது. அப்சர் வயித்துல இருந்தப்ப உப்பு டப்பாவ வீடு பூரா தேடுனேன், கையிலயே வச்சுக்கிட்டு."

மகன் பெயர் வாயில் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அப்சர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை, மாலை நேரம், ஒரு லாரி. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஒன்பது வருடம் பிள்ளைக்காக ஏங்கிவிட்டு, அவளுக்கு நான்காவது மாதம் நடக்கும்போது அவன் போய்விட்டான். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள், தக்க காரணமில்லாமல் வீட்டை விட்டு வெளியே போகமாட்டாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் கணக்கு வேறு. பிள்ளை பிறக்கும்வரை இத்தா, பிறந்த நிமிஷம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தடையில்லை. வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மாமனார் ஜெய்னுலாபுதீன் தங்கமான மனிதர். கூடத்துக்கு வந்து உட்காரும்மா, காத்தாவது வரும் என்று திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் போய் வருவதைத் தவிர அவள்தான் இந்த அறையை விட்டு அசையவில்லை. இந்த அறையின் சுவரை அப்சர் தானே முன்னின்று பூசவைத்திருந்தான். இங்கிருந்து போனால் ஒரேயடியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் அந்த வாசலைத் தாண்டுவது என்று அவள் மனதுக்குள் வைராக்கியம் வைத்திருந்தாள். அந்த ஒரு காட்சியை நினைத்துத்தான் தினமும் எழுந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள்.

அப்சருக்குத் தொழில் கிளிஞ்சல். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் அள்ளி வருகிறவர்களிடம் வாங்கி, பாதியைச் சுண்ணாம்புச் சூளைக்கும் பாதியைக் கோழித்தீவனம் அரைக்கிற ஆலைக்கும் அனுப்புவான். பேராவூரணிக்குத் தெற்கே, கடைமடை வாய்க்காலும் சம்பா வயலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் இந்த ஊரில், அவர்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் எப்போதும் ஒரு வெள்ளை மேடு குவிந்திருக்கும். சிமெண்ட் பூச்சு வெயிலில் கொதிக்கிறது, பிள்ளை பிறந்து படுக்கப்போகிற அறை குளுகுளுவென்று இருக்க வேண்டாமா என்று அவனுக்குத் திடீரென்று ஆசை வந்தது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, தன் சொந்தக் கிளிஞ்சலிலேயே சுண்ணாம்பு சுட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்துப் பூசுவதென்று ஒற்றைக்காலில் நின்றான்.

கிளிஞ்சல் சுடுவதற்கு ஒரு முறை உண்டு. வந்த சரக்கை வெயிலில் பரப்பிக் கிளறிக் கிளறிக் காயப்போட வேண்டும். உள்ளே இருக்கும் பூச்சி செத்து, சதை காய்ந்து, ஓடு வாய் பிளந்த பிறகுதான் கழுவிச் சூளையில் அடுக்குவார்கள். எவ்வளவு காய்ந்தாலும் சிலது வாய் திறக்காது. அதையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்க் கடலிலேயே போட்டுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. உயிருள்ளது வேகாது என்பார்கள், அவ்வளவுதான். அந்தத் தடவை வைகாசிக் கடைசியில் நான்கு நாள் அடைமழை. வெயிலே இல்லை. கொத்தனார் செல்லதுரை கொடுத்த தேதி வந்துவிட்டது. அப்சர் வாய் மூடிய சரக்கை அப்படியே சூளையில் கொட்டினான்.

மறுநாள் சூளையைப் பிரித்தபோது ஹுமைரா கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், பாதி வேகவேயில்ல. மூடுனது மூடுனபடி கெடக்கு," என்றான் செல்லதுரை, ஒன்றைக் கையில் எடுத்து உடனே கீழே போட்டுவிட்டு.

"அரைச்சா எல்லாம் ஒண்ணுதான் கொத்தனாரே. மணலுக்குப் பதிலா சேத்துக்குங்க."

செல்லதுரைக்கு மனமில்லை. ஆனாலும் அரைத்தான். அரைபட்ட கலவையில் மெல்லிய ரோஜா நிறம் ஓடியதை அவள் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

பூசி முடித்த அன்று அப்சர் ஈரச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், தன் வலது கையைப் பொத்தென்று பதித்தான். செல்லதுரை பூச்சுக் கரணையோடு ஓடிவந்து திட்டினான். அப்சர் அதைத் தேய்க்க விடவில்லை. "காலையிலயும் சாயங்காலமும் சுவத்துக்குத் தண்ணி காட்டணும் ஹுமைரா," என்றான் அவளிடம். "குடிதண்ணி வேணாம், போர் தண்ணியே போதும். நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் விடாம அடி."

பன்னிரண்டாம் நாள் அவன் இறந்தான். நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

அவள் விடாமல் அடித்தாள். வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரி ஒரு கைப்பம்பு, புதிதாக வாங்கியது. சில வருடங்களாகவே உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை அறையோடு ஒட்டிய குளியலறைக் குழாயில் பிடித்து, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஒரு தடவை, நான்கு சுவருக்கும் மேலிருந்து கீழாக அடிப்பாள். மாமி தடுக்கவில்லை, மகன் சொன்ன வேலையை மருமகள் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் அந்தக் கைத்தடத்துக்கு மட்டும் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பாள் ஹுமைரா. அந்த நேரத்தில்தான் அவளுக்கு அழுகை வரும். நன்றாக அழுதுவிட்டு முகத்தைக் கழுவினால் அந்த நாள் ஓடிவிடும்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கார்த்திகை வானம் காலையிலேயே சாயங்காலம் மாதிரி கிடந்தது. பீரோக் கதவு இடித்த அன்று மதியம், கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரையை எடுக்கக் குனிந்தபோது அவள் தரையைப் பார்த்தாள். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் பின்னால், டைல்ஸின் மேல், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல் இருந்தது. தூக்கி வைத்தால் கீறல் விழாது. மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினால்தான் விழும். கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டியே இருந்தது, எப்போதும் போல.

அவள் மாத்திரையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாமியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு உப்பு டப்பா வரும்.

அதற்குப் பிறகு கண் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியது. சுவிட்ச் பெட்டி முன்பெல்லாம் சுவரிலிருந்து விரல் கனம் வெளியே துருத்தியிருக்கும். இப்போது சுவரோடு சமமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மின்விசிறி சுவிட்சைப் போட விரல் நுனியை உள்ளே விட வேண்டியிருந்தது. கடிகாரம் மாட்டியிருந்த ஆணியில் பாதியைக் காணோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பூச்சு வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல், தேய்த்த பாத்திரத்தின் பளபளப்போடு இருந்தது. வருகிற பெண்களெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்புன்னா இதுல்ல சுண்ணாம்பு என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

வாடை மட்டும் அவளைப் படுத்தியது. கடல் பின்வாங்கிய சேற்றில் வெயில் ஏறும்போது எழும் வாடை, உப்பும் கவிச்சியுமாக, தலையணையில், தலைமுடியில், சோற்றில். கொல்லையில் கிடந்த கிளிஞ்சல் மேட்டை மாமனார் எப்போதோ வண்டியேற்றி அனுப்பிவிட்டார். மாமிக்கு வாடை தெரியவில்லை.

"புள்ளத்தாச்சி மூக்கு அது, பக்கத்து ஊருல கருவாடு வறுத்தாலும் தெரியும்," என்றாள்.

இதுதான் ஹுமைராவுக்கு வந்த சோதனை. எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் அவள் வயிற்றிலேயே இருந்தது. அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் வாசலில் வரும்போதும் போகும்போதும் வயிறு நிலையில் உரசியது. அந்த இடத்தில் மரநிலையே தெரியவில்லை, சுண்ணாம்பு இரண்டு பக்கமும் வழிந்து வந்து மூடியிருந்தது. மழையில் மரம் ஊறிப்போச்சு என்று கதவைச் சாத்துவதை விட்டுப் பத்து நாளாயிற்று. திறந்து சுவரோடு சாய்ந்திருந்த கதவு அந்தச் சாய்ந்த நிலையிலேயே இருந்தது. அதன் கைப்பிடி மட்டும் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் திரும்பி நுழைகிற மருமகளைப் பார்த்து, "இரட்டைப் புள்ளையா இருக்குமோ?" என்று மாமி கேலி பண்ணினாள். மாமி ஒல்லி. அவள் நிமிர்ந்தே போய் வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர் அடிக்கும்போது, சன்னலுக்கு மேலே சுவரில் ஒரு புடைப்பைப் பார்த்தாள். கை நீளம் இருக்கும். ஸ்டூலைப் போட்டு ஏறக் கூடாத மாதம், ஆனாலும் ஏறினாள். நான்கு கால், வளைந்த வால், கொஞ்சம் தூக்கிய தலை. பல்லி. அதன் மேல் மெல்லிய தோல் போலச் சுண்ணாம்பு படர்ந்திருந்தது. செத்து ஒட்டிக்கொண்ட பல்லி என்றால் சுருங்கியிருக்கும். இது உப்பிக்கொண்டு, வழவழவென்று, ஒரு துளி ரோஜா நிறத்தோடு, செய்து வைத்த பொம்மை மாதிரி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பம்பிலிருந்து தெறித்த தண்ணீர் சுவரில் வழிந்து இறங்கியது. பாதி தூரம் வந்தது. பிறகு இல்லை. சுவர் அதை உறிஞ்சிக்கொண்டது. மிக மெலிதாக, பக்கத்தில் காது இருந்ததால் மட்டும் கேட்டது: சப்.

அப்சர் ஒரு நாள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. சிப்பிக்குள் இருக்கும் பூச்சிக்கு எலும்பு கிடையாது, பல் கிடையாது, ஓடுவதற்குக் கால் கிடையாது, தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதன் தோல் கசியும், கசிந்தது காய்ந்து சுவராகும், அதன் மேல் மறுபடி கசியும். உள்ளே ஒரு தூசி மாட்டிக்கொண்டால் அதை வெளியே தள்ளவும் தெரியாது, விழுங்கவும் தெரியாது. உறுத்துகிறதே என்று அதைச் சுற்றியும் கசிந்துகொண்டே இருக்கும். "முத்து முத்துன்னு ஏங்குறீங்களே, அது அந்தத் தூசிக்குக் கட்டுன கபர்," என்று முத்தைக் கல்லறையாக்கிச் சிரித்தான்.

ஸ்டூலிலிருந்து அவள் பிடித்துப் பிடித்து இறங்கினாள். இருந்தும் அன்று மாலையும் தண்ணீர் அடித்தாள். அடிக்காமல் இருந்தால் அப்சரை இரண்டாவது தடவை சாகவிட்ட மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை கைத்தடத்தைக் காணவில்லை.

அவள் முதலில் இடம் தவறிவிட்டதென்று நினைத்தாள். விரலால் தடவிக்கொண்டே போனாள், வாசலிலிருந்து மூலை வரை, மூலையிலிருந்து வாசல் வரை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஐந்து மாதம் தினம் இரண்டு தடவை தொட்ட இடம், கைக்குத் தெரியாமல் போகுமா? ஒரு பள்ளம் இல்லை. ஒரு ரேகை இல்லை. சுவர் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்தபோது பயம் மட்டும் மிச்சமிருந்தது. இந்த அறையில் இருப்பதற்கு இனி அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

போனை எடுத்துச் செல்லதுரையைக் கூப்பிட்டாள்.

"எப்படியிருக்கீங்க தங்கச்சி? பிரசவம் ஆச்சா?"

"இன்னும் இல்லண்ணே. ஒண்ணு கேக்கணும். சுவத்துக்குத் தண்ணி எத்தன நாள் காட்டணும்?"

"எந்தச் சுவத்துக்கு?"

"எங்க ரூம் சுவத்துக்குத்தான். நீங்க பூசுனது."

"அது பதினஞ்சு நாள் போதும்மா. அதுக்கு மேல காட்டக் கூடாது. பாய் எத்தன நாள்னு சொல்லலியா?"

"சொல்லல."

"இன்னுமா தங்கச்சி அடிக்கிறீங்க? எந்தத் தண்ணி?"

"போர் தண்ணி."

"உப்புத் தண்ணியா?" குரல் மாறிவிட்டது. "தங்கச்சி, நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அன்னைக்கு அரைக்கையில உள்ள எல்லாம் ஈரமா இருந்துச்சு. சூளையில ஒரு நாள் பூரா கெடந்தது, மூடுனது ஒண்ணுகூட சாவல. நீங்க அந்த ரூம்ல இருக்காதீங்க. இப்பவே வெளிய வந்துருங்க."

போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். சன்னலின் ஐந்து கம்பிகளில் இரண்டுதான் தெரிந்தன. அதற்கு நடுவில் ஒரு கீற்று வயல். பச்சைப் பயிரில் மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. போன வாரம் இந்தச் சன்னலில் அவள் முழு வரப்பையும் பார்த்திருக்கிறாள்.

"மாமி! நான் கூடத்துக்கு வந்துர்றேன். இனிமே இங்க வேணாம்."

மெஹராஜ் பேகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத்தன நாளா இதத்தானே சொல்றோம்! வாம்மா. துணிமணிய நான் எடுத்துட்டு வர்றேன், நீ மொதல்ல வா."

ஹுமைரா வாசலுக்குப் போனாள். பக்கவாட்டில் திரும்பினாள். இடது தோள் போனது. இடது கால் போனது. வயிறு நின்றது.

மூச்சை வெளியே விட்டுப் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூச்சை விட்டு என்ன ஆகப்போகிறது? திரும்பி நின்று முதுகைக் கொடுத்துப் பார்த்தாள். மாமி அந்தப் பக்கமிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். முதலில் சிரித்துக்கொண்டே இழுத்தாள். பிறகு சிரிப்பு நின்றது. நிலையின் இரண்டு பக்கமும் உருண்டு திரண்டு, உதடு மாதிரி வழவழத்து, அவள் வயிற்றின் மேல் பட்டுக்கொண்டிருந்த சுண்ணாம்பை மாமி அப்போதுதான் உண்மையாகவே பார்த்தாள்.

"இது என்னம்மா இப்படி... யா அல்லாஹ், நேத்து இப்படி இல்லியே?"

"புள்ளைக்கு வலிக்கும், இழுக்காதீங்க மாமி."

"நீ உள்ள போய் உக்காரு. பயப்படாத. மாமா பள்ளிவாசலுக்குப் போயிருக்காக. கூட்டியாந்து கடப்பாறைய வச்சு ரெண்டு போடு போட்டா உதுந்துரும். சுண்ணாம்புதானே? இந்தா, ரெண்டே நிமிஷம்."

மாமி ஓடினாள். மூட்டுவலிக்காரி செருப்பில்லாமல் மழையில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட் சத்தம். பிறகு மழை மட்டும்.

ஹுமைரா கட்டிலில் உட்கார்ந்தாள். பயப்படாத, பயப்படாத என்று வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். உள்ளே பிள்ளை புரண்டது. இன்று காலை தண்ணீர் அடிக்கவில்லை, இனி அடிக்கப்போவதுமில்லை, தண்ணீர் இல்லாமல் அது என்ன செய்துவிடும், காய்ந்து போகும், சாயங்காலத்துக்குள் காய்ந்து போகும் என்று தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொண்டாள். கைப்பம்பை எடுத்துக் குளியலறையில் எறிந்துவிடலாம் என்று எழுந்தாள். குளியலறைக் கதவு இருந்த இடம் வெறும் சுவராக இருந்தது.

அப்போது இடுப்பில் அந்த வலி பிடித்தது. முதுகின் அடியில் தொடங்கி, இரண்டு பக்கமும் சுற்றி வந்து, முன்னால் முடிச்சுப் போட்டது. அவள் பீரோவைப் பிடித்துக்கொண்டாள். வலி விட்டது. தொடைகளுக்கு நடுவில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. பனிக்குடம். பாவாடையை நனைத்து, காலில் வழிந்து, தரையில் விரிந்தது.

தண்ணீர்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டைல்ஸில் அது தயங்கவில்லை. நேராகச் சுவரை நோக்கி ஓடியது. கட்டிலுக்கு அடியில் புகுந்து ஓடியது. அவள் உட்கார்ந்து முந்தானையால் துடைக்கப் பார்த்தாள், குனிய முடியவில்லை, கையை அணை மாதிரி வைத்தாள், விரல் இடுக்கில் வழிந்தது. சுவரின் அடியைத் தொட்டது.

சப்.

எதிர்ச் சுவரிலும். சப். மேலே, கூரையிலும்.

"மாமி!"

கட்டில் நகர்ந்தது. இந்தத் தடவை அவள் கண் முன்னாலேயே. கீச்சென்று, ஒரு விரற்கடை. பீரோ அவள் முதுகைத் தொட்டது. அவள் வாசலுக்குப் பாய்ந்தாள், மூன்று எட்டு இருந்த இடம் ஒரு எட்டாக இருந்தது. வாசலில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளவு. கையை விட்டாள். கூடத்துக் காற்று விரலில் பட்டது. குளிர்ந்த, மழை வாசனையுள்ள காற்று. யாராவது பிடியுங்களேன். யாராவது. சுண்ணாம்பு உதடுகள் மணிக்கட்டில் படர்ந்தன. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். தோலில் வெள்ளையாக ஒரு வளையம். துடைத்தாள். போகவில்லை.

பிளவு மூடியது.

சன்னல் ஒரு காசு அளவுக்கு இருந்தது. பிறகு ஒரு பொட்டு. பிறகு இல்லை. இருட்டவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. சுவர் முழுக்க ஒரு வெளிச்சம், பால் கலந்த ரோஜா நிறத்தில், எங்கிருந்தோ ஊறி வந்தது.

கேட் சத்தம். ஓட்டம். மாமனாரின் குரல், வெகு தூரத்தில்.

"எங்க? எந்தப் பக்கம்?"

"இங்கதான், இங்கதான் வாசப்படி இருந்துச்சு! இங்கதாங்க புள்ள இருந்துச்சு!"

"ஹுமைரா! எங்கம்மா இருக்கே? சத்தம் குடும்மா!"

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். குரல் வழவழத்த சுவரில் மோதித் தன் காதுக்கே திரும்பி வந்தது. கடப்பாறை விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது அடி இன்னும் தூரத்தில் கேட்டது. நான்காவது அதைவிடத் தூரத்தில். அவர்கள் ஒரு விரல் கனம் கொத்தினால் இந்தப் பக்கம் இரண்டு விரல் வளர்ந்தது. பிறகு அவர்கள் கொத்துகிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை.

தேக்குக் கட்டில் முறிந்தது. பீரோ நசுங்கியது. அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சுவர் அவள் முதுகைத் தொட்டபோது அழுத்தவில்லை. கன்னத்தின் உட்பக்கம் மாதிரி மெத்தென்று, ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளைத் தடவியது. தோளில், பிடரியில், காலில். தடவிய இடம் சில்லென்று இறுகியது. அதன் மேல் மறுபடி தடவியது. அவள் முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் வயிற்றின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டாள். இதை மட்டும் விட்டுவிடு. இதை மட்டும். அப்சரின் பிள்ளை. வேறு எதுவும் கேட்கவில்லை.

கை கால் அசையவில்லை. கண் இமைக்க வரவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் அவளுடையதாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். வலி நின்றுவிட்டிருந்தது.

பனிக்குடம் உடைந்த பிறகு வலி நிற்கக் கூடாது. அவள் காத்திருந்தாள். எண்ணிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அந்த ஒற்றை விரலை மெதுவாக நகர்த்தி வயிற்றைத் தொட்டாள். வழவழவென்று இருந்தது. குளிர்ந்திருந்தது. நகத்தால் கீறினாள். பீங்கான் தட்டைக் கீறின மாதிரி சத்தம் வந்தது. அடிவயிற்றுக்கு விரலைக் கொண்டுபோனாள், எட்டிய மட்டும் தேடினாள். எங்கும் ஒரு பிளவு இல்லை.

உள்ளேயிருந்து ஒரு சின்னக் கால் தட்டியது.

நின்றது.

வேறு இடத்தில் தட்டிப் பார்த்தது.